திரையில் தெரிந்த முந்தானை

என் கம்ப்யூட்டருக்கு அந்தக் கோளாறு முதல்முறை வந்தபோது நான் யாரையும் கூப்பிடவில்லை. வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தேன். மத்தியான நேரம். சாப்பிட்ட மயக்கத்தில் ஒரு முந்தானைக்குக் கட்டம் நிரப்பிக்கொண்டிருந்தேன். திடீரென்று திரை இருட்டானது. கண் சிமிட்டும் நேரம்தான் இருக்கும். அந்த இருட்டின் அடியில் ஒரு பச்சை தேங்கி நின்றது. பச்சையிலிருந்து மெல்லிய வெள்ளிக் கோடுகள் கிளம்பி மேலே போயின. மழை தண்ணீரிலிருந்து வானத்துக்குத் திரும்பிப் போவது போல இருந்தது. அப்புறம் திரை பழையபடி ஆகிவிட்டது. ஓரத்தில் ஒரு சின்னப் பெட்டி முளைத்து, திரையை ஓட்டும் டிஸ்ப்ளே டிரைவர் என்ற புரோகிராம் பதில் சொல்லாமல் நின்றுபோய் மறுபடி எழுந்துகொண்டதாக இங்கிலீஷில் சொன்னது.

எழுந்துகொண்டது யார் என்று எனக்குச் சந்தேகமாக இருந்தது. ஏதோ தூக்கத்திலிருந்து நான்தான் எழுந்த மாதிரி உடம்பெல்லாம் சிலிர்த்திருந்தது.

நாங்கள் பிள்ளையார்பாளையத்தில் இருக்கிறோம். என் வீட்டுக்காரர் ஜெயக்குமார் தறி நெய்கிறார். நான் டிசைன் போடுகிறேன். கம்ப்யூட்டரில் கட்டம் கட்டமாக நான் போடுவதைப் பார்த்து அட்டையில் துளை குத்துவார்கள். அந்த அட்டைகளைத் தறிக்கு மேலே இருக்கும் ஜக்கார்டு பெட்டியில் கோத்துவிட்டால், துளைக்குத் தகுந்தபடி இழை எழும்பும். நான் இங்கே ஒரு கட்டம் தப்பாக வைத்தால் யாரோ ஒரு கல்யாணப் பெண்ணின் தோளில் ஓர் அன்னத்துக்குக் கால் இருக்காது.

எனக்குக் கோபம் கொஞ்சம் சீக்கிரம் வரும். அந்த மாதம் நான் கோபத்திலேயே இருந்தேன். காரணம் புடவைக்கடை கோதண்டபாணி. பத்து வருஷமாக அவருக்குத்தான் போட்டுத் தருகிறேன். அன்றைக்கு என் டிசைன்களை ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"காவேரி, உன் கை சுத்தம்மா. அதுல ஒரு குத்தமும் சொல்ல முடியாது. ஆனா எல்லாமே எங்கியோ பார்த்த மாதிரியே இருக்குது. உன்னுதுன்னு ஒண்ணு குடேன். இல்லன்னா இந்த வாட்டி வேற ஆளுகிட்ட குடுத்துடறேன், தப்பா நினைச்சுக்காத."

தப்பாகத்தான் நினைத்தேன். வீடு வரும் வரைக்கும் அவரை மனசுக்குள் திட்டிக்கொண்டே வந்தேன். அவர் சொன்னது உண்மை என்பதால்தான் அவ்வளவு எரிச்சல். பழைய புடவையிலிருந்து மாங்காயை எடுத்து, கோயில் தூணிலிருந்து யாளியை எடுத்து, இரண்டையும் பக்கத்தில் வைத்தால் டிசைன். என்னுடையது என்று காட்ட என்னிடம் ஒரு பூகூட இல்லை. வருகிற அமாவாசையை விட்டு, அதற்கடுத்த அமாவாசைக்கு மறுநாள் புது முந்தானையை அட்டை குத்தத் தர வேண்டும் என்று கெடு வைத்திருந்தார்.

அந்த நேரத்தில்தான் திரை இருட்டி, எனக்கு அதைக் காட்டியது. கடவுளே கொடுத்தார் என்று பிடித்துக்கொண்டேன். பார்த்ததில் எது நினைவில் நின்றதோ அதைக் கட்டத்தில் வைத்தேன். அது போதவில்லை. மறுபடி எப்போது வரும் என்று காத்திருந்தேன். வந்தது. ஒவ்வொரு முறையும் ஒரு துண்டு கிடைக்கும். ஒருமுறை தண்ணீரின் விளிம்பு. ஒருமுறை கோடுகளுக்கு நடுவில் சிறகை மடித்துத் தூங்கும் ஏதோ ஒன்று. போட்டோ பிடிக்கப் போனை எடுப்பதற்குள் மறைந்துவிடும். பிரிண்ட் ஸ்கிரீன் பட்டனை அழுத்திப் பார்த்தால் என் கட்டம் மட்டும் நல்ல பிள்ளையாக வந்து நிற்கும்.

மத்தியானங்கள் எனக்குக் கனவு மாதிரி ஆகிவிட்டன. பக்கத்தில் தறி ஓடிக்கொண்டிருக்கும். எங்களுக்குத் தறிச் சத்தம் காதில் விழுவதே இல்லை, நின்றால்தான் தெரியும். ஜன்னல் வெயில் தறியில் நீட்டிக் கட்டிய பாவு இழைகளின் மேல் படுத்துக் கிடக்கும். நான் இமைக்காமல் திரையைப் பார்த்தபடி, இருட்டப்போகும் நொடிக்காக உட்கார்ந்திருப்பேன். குழம்பு அடிப்பிடித்ததுகூட உண்டு.

"என்னா, டிரைவரு மறுபடியும் தூங்கிட்டாரா?" என்று தறியிலிருந்து அவர் கேட்பார். கோளாறால் நான் அவதிப்படுகிறேன் என்று நினைத்துக்கொண்டு, பாவம், என்னைக் கேட்காமலேயே யேசுதாஸை வரச்சொல்லிவிட்டார்.

யேசுதாஸ் ஏனாத்தூர்க்காரர். பஸ் ஸ்டாண்டு பக்கம் கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை வைத்திருக்கிறார். பொறுமைசாலி. முதல்முறை வந்தபோது, "டிரைவரைச் சுத்தமா அழிச்சிட்டுப் புதுசு போட்டுட்டேங்கா, இனிமே வராது" என்றார். அன்றைக்கு அவருக்கு நான் காப்பிகூடக் கொடுக்கவில்லை. மறுநாளே கோளாறு வந்தது. நான் சந்தோஷமாக, "தம்பி, மறுபடியும் வந்துடுச்சு" என்று போன் செய்தேன். அவ்வளவு சந்தோஷமாக யாரும் அவருக்குப் புகார் சொல்லியிருக்க மாட்டார்கள்.

"புதுசு ஒத்துக்கல போலக்கா. பழைய வெர்ஷனுக்குப் போயிடலாம்" என்றார். பழையதும் ஒத்துக்கொள்ளவில்லை. அடுத்தமுறை கம்ப்யூட்டர் பெட்டியின் பக்கவாட்டு மூடியைக் கழற்றி ஊதினார். ஃபேனில் பட்டுப் பிசிறு பந்து பந்தாகச் சுற்றியிருந்தது. அதை எடுத்தார். ஒயர் மாற்றினார். கரண்டு சரியாக வருகிறதா என்று பார்த்தார். கடைசியில் பெட்டியையே தூக்கிக்கொண்டு கடைக்குப் போய், திரைக்குப் படம் அனுப்பும் கிராஃபிக்ஸ் கார்டுக்குக் கடுமையான வேலை கொடுத்துப் பார்த்துவிட்டுத் திரும்பக் கொண்டுவந்தார்.

"என் கடையில சமத்தா இருக்குதுக்கா. உங்க வீட்டுக்கு வந்தாத்தான் அடம் பண்ணுது."

இதில் இன்னொரு விஷயத்தை என் வீட்டுக்காரர் கண்டுபிடித்தார். நடுவில் வந்த அமாவாசையன்று மட்டும் கம்ப்யூட்டர் நாள் முழுக்க ஒழுங்காக ஓடியது. நெசவுக்காரர்கள் அமாவாசைக்குத் தறியைத் தொட மாட்டார்கள், எங்களுக்கு அதுதான் லீவு. "பார்த்தியா, கோளாறுக்கும் நம்மள மாதிரி அமாவாசை லீவு" என்று அவர் சொன்னபோது நாங்கள் சிரித்தோம். ஆனால் சிரித்துவிட்டு நம்பவும் செய்தோம். கம்ப்யூட்டர் மேசை இருக்கும் இடம் அப்படி. அங்கே முன்பு கொழுந்தனாரின் தறி இருந்தது. அவர் வாலாஜாபாத்துக்குக் குடிபோனதும் நெய்பவர் காலை இறக்கி மிதிக்கும் அந்தக் குழியைத் தூர்க்காமல் மேலே பலகை போட்டு மூடினோம். தறி இருந்த இடத்தில் தொழில் நடக்க வேண்டும் என்று என் மேசையை அந்தப் பலகைமேல் வைத்தவர் என் வீட்டுக்காரர்தான். அப்படிப்பட்ட இடத்தில் இருக்கும் பெட்டி அமாவாசை பார்ப்பதில் என்ன ஆச்சரியம்? நான் திரைக்குக் கற்பூரம்கூடக் காட்டினேன்.

கெடுவுக்கு முந்தின நாளான அமாவாசையும் வந்தது. முந்தானையின் கீழ்ப்பாதி முடிந்திருந்தது. மேல்பாதி வெறும் கட்டம். கோடுகள் எங்கே போய்ச் சேர்கின்றன என்று எனக்குத் தெரியாது. அது தெரிய ஒரேயொரு முறை திரை இருட்ட வேண்டும். காலையிலிருந்து உட்கார்ந்திருந்தேன். சனியன் பிடித்த பெட்டி கண்ணாடி போலத் தெளிவாக இருந்தது. மறுநாள் காலையில் அட்டைக்காரர் வந்து நிற்பார். நான் பாதி முந்தானையைக் கையில் கொடுக்க வேண்டும், இல்லையென்றால் மேல்பாதிக்குப் பழைய அன்னத்தையே கொண்டுவந்து வைக்க வேண்டும். நினைத்தாலே அழுகை வந்தது.

அப்போது பார்த்து யேசுதாஸ் வந்தார். லீவு நாளில் நிதானமாகப் பார்க்கலாம் என்று வீட்டுக்காரர் வரச்சொல்லியிருக்கிறார். அமாவாசைக் கதையை இவர் சொல்லச் சொல்ல, யேசுதாஸ் சிரிப்பை நிறுத்திவிட்டார்.

"அண்ணா, அமாவாசை அன்னிக்கு உங்க வீட்ல வேற என்னா நடக்காது?"

"தறி ஓடாதுப்பா."

யேசுதாஸ் குனிந்து தரையைப் பார்த்தார். காலால் பலகையை ஒரு தட்டுத் தட்டினார். அப்புறம் பெட்டியின் மூடியைக் கழற்றி, உள்ளே கிராஃபிக்ஸ் கார்டின் கடைசி முனையை ஒரு விரலால் தொட்டுக் காட்டினார். அது தொங்கிக்கொண்டிருந்தது.

"ஒரு பக்கம் ஸ்க்ரூ புடிச்சிக்கினு இருக்குது. இந்தப் பக்கம் கனம் தாங்காம இறங்கிப் போச்சு. அண்ணன் அங்க தறியில அடிக்கிறாரு, பலகை இங்க ஆடுது, கார்டு நழுவுது. நானும் அத்தினி வாட்டி டிரைவரையே மாத்திக்கினு இருந்தேன் பாரு. அக்கா, ஒரு காலி நூல்குழல் குடுங்க. அடியில முட்டுக் குடுத்து, மேசையைத் தள்ளிப் போட்டா முடிஞ்சிது."

"இரு தம்பி. சரி பண்ணாத."

இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள். சொல்லித்தான் ஆக வேண்டியிருந்தது. திரை இருட்டும்போது அதில் ஒரு டிசைன் தெரிகிறது, அதைப் பார்த்துத்தான் இவ்வளவும் போட்டேன், மிச்சத்தைப் பார்க்காமல் என்னால் முடிக்க முடியாது என்றேன். சொல்லச் சொல்ல என் குரல் சின்னதாகிக்கொண்டே போனது. வீட்டுக்காரர் நெற்றியைச் சுருக்கினார்.

"அப்ப இதுவும் பார்த்துப் போட்டதுதானா?" என்று கேட்டார். குத்திக்காட்டவில்லை, சாதாரணமாகத்தான் கேட்டார்.

"ஆமாங்க" என்றேன். கோதண்டபாணி சிரித்ததைவிட அது அதிகமாக வலித்தது. முன்பு கோயில் தூணைப் பார்த்துப் போட்டவள், இப்போது ரிப்பேரைப் பார்த்துப் போடுகிறேன். இருந்தாலும் எனக்கு அது வேண்டும். அவ்வளவு வேண்டும்.

அவர் திரும்பித் தறியைப் பார்த்தார். அதன்மேல் துணி போர்த்தியிருந்தது. ஜுரமோ மழையோ எதற்கும் நிறுத்தாதவர், அமாவாசைக்கு மட்டும் அந்தப் பக்கம் போகமாட்டார். இன்றைக்குத் தறியில் அடிக்கச் சொல்லி அவரை நான் கேட்கவில்லை. கேட்கவும் மாட்டேன்.

அவர் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு என் பக்கத்தில் பலகைமேல் ஏறினார்.

"எந்த எடத்துல ஆடுதுப்பா?"

"இங்கதாண்ணா. ஏண்ணா?"

அவர் குதித்தார். ஐம்பதை நெருங்குகிற மனுஷன், கொஞ்சம் தொப்பை வேறு. பலகை முனகியது, அலமாரியிலிருந்து டம்ளர் விழுந்தது, திரையில் ஒன்றும் ஆகவில்லை. மூச்சை இழுத்துக்கொண்டு மறுபடி குதித்தார். பிறகு தறியில் அடிக்கிற அதே கதியில், அதே இடைவெளி விட்டு, குதித்துக்கொண்டே இருந்தார். யேசுதாஸ் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரிப்பை அடக்கினார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. இந்த மனுஷனோடு இத்தனை வருஷம் வாழ்ந்திருக்கிறேன், இவ்வளவு பிரியமாக ஒரு நாளும் பார்த்ததில்லை என்று தோன்றியது.

திரை இருட்டியது.

நான் முகத்தைக் கிட்டே கொண்டுபோனேன். இந்த முறை அது சட்டென்று மறையவில்லை, உறைந்து நின்றது. நன்றாக, ஆற அமரப் பார்த்தேன். ரோஸ் கட்டங்கள். பச்சைக் கட்டங்கள். கோணல் மாணலாக, பாத்ரூமுக்கு ஒட்டும் டைல்ஸ் மாதிரி. நடுவில் கிழிந்தாற்போல் ஒரு வெள்ளைக் கோடு. தண்ணீர் இல்லை, மழை இல்லை, சிறகை மடித்துத் தூங்கும் எதுவும் இல்லை. குப்பை.

பெட்டியை அணைத்துப் போட்டார் யேசுதாஸ். திரை திரும்பி வந்தபோது என் முந்தானை அதில் இருந்தது. பச்சைத் தண்ணீர் தேங்கி நின்றது. வெள்ளிக் கோடுகள் ஒவ்வொன்றும் தன் வழியில் மேலே போய்க்கொண்டிருந்தன. ஒரு மாதமாக நான் கண்கொட்டாமல் பார்த்த இருட்டில் இது எதுவும் இருந்திருக்கவில்லை. அந்தக் கோடுகள் எங்கே போய்ச் சேரும் என்று எனக்கு இப்போது தெரிந்தது. கை தானாக மவுஸைத் தேடியது, கொஞ்சம் பயமாகவும் இருந்தது.

"வந்துச்சா?" வீட்டுக்காரருக்கு மூச்சு வாங்கியது.

"வந்துச்சு."

"பார்த்துக்கினியா? பத்தலன்னா சொல்லு, இன்னும் குதிக்கிறேன்."

"வேணாங்க. அதுல ஒண்ணுமே இல்ல. தம்பி, நீ முட்டுக் குடுத்துடு, நான் மீதியைப் போடணும்."

அவருக்குப் புரியவில்லை. வியர்வையைத் துடைத்துக்கொண்டே திரையில் இருந்த முந்தானையைக் காட்டினார். "அப்ப இது?"

"இது என்னுதுங்க" என்றேன். கல்யாணமாகி இந்த வீட்டுக்கு வந்ததிலிருந்து, எதைக் காட்டியும் நான் அந்த வார்த்தையைச் சொன்னதில்லை.