பதினான்கு சனிக்கிழமை சூப்

எலும்பு சூப் வைப்பதில் அவசரம் என்ற பேச்சே கூடாது. மாட்டுக் கால் எலும்பைப் பச்சைத் தண்ணீரில் போட்டு, மெல்லச் சூடேற்றி, நுரையை வழித்து வழித்து எடுத்து, ஆறு மணி நேரம் அடுப்பருகே கிடக்க வேண்டும். வெங்காயத்தைத் தோலோடு இரண்டாக வெட்டி, வெறும் சட்டியில் கரியாகும்வரை கருக்கிப் போட வேண்டும். பொன்னிறம் அதிலிருந்துதான் வரும். இதையெல்லாம் பதினான்கு சனிக்கிழமை நான் ஹின்ரிக்குக்காகச் செய்தேன்.

ஹின்ரிக்கின் வீடு வாய்க்கால் பாலத்துக்கு அந்தப் பக்கம். மனைவி இறந்து ஐந்து வருடம். ஜனவரியில் பனியில் வழுக்கிக் காலை உடைத்துக்கொண்டார். எனக்கு அவர்மேல் ஆசை. ஐம்பத்திரண்டு வயதானால் என்ன, ஆசைதான். நேரே போய் நிற்கத்தான் தைரியம் வரவில்லை. அவருக்கு அடுத்த வீடு ஆல்முட், என் முப்பது வருடத் தோழி.

"குடுடி, நான் கொண்டுபோறேன். வீப்கே வச்சதுன்னு உன் பேரைச் சொல்லியே குடுக்கறேன்" என்றாள்.

வாராவாரம் நான்கு ஜாடி. "என்னடி சொன்னாரு?" என்று கேட்பேன். "ஒரு சொட்டு விடலை" என்பாள். அதைக் கேட்டு வாரமெல்லாம் பூரித்துக் கிடந்தேன், பைத்தியக்காரி.

ஏப்ரலில் ஒரு ஞாயிறு ஹின்ரிக் அக்கம்பக்கத்தாரை மதியச் சாப்பாட்டுக்கு அழைத்தார். புது உடுப்புப் போட்டுக்கொண்டு போனேன். ஒரு வாய் வைத்ததுமே தெரிந்துவிட்டது, முந்தின நாள் நான் வடிகட்டிய சூப்.

ஹின்ரிக் எழுந்து ஆல்முட்டின் தோளில் கை போட்டார். "மே மாசம் எங்களுக்குக் கல்யாணம். இவ கைச் சூப்பைக் குடிச்சுத்தான் எழுந்து நிக்கறேன். இந்த நிறம் எப்படி வருதுன்னு கேட்டா, சிரிக்கிறா!"

ஆல்முட் என்னைப் பார்க்காமல் சூப்பில் உப்பைத் தூவிக்கொண்டிருந்தாள். என் சூப்பில் உப்பு! கத்தியிருப்பேன். அந்த மனுஷன் முகத்தில் அவ்வளவு சந்தோஷம், குனிந்து என் கிண்ணத்தைக் காலி செய்தேன்.

அடுத்த சனிக்கிழமை அவளே வந்து நின்றாள், கூடை நிறையக் காலி ஜாடிகளோடு.

"கோவமாடி? விருந்துக்கு அறுபது பேர். கல்யாண சூப் இல்லாம இந்த ஊர்ல கல்யாணமா? நீதான்டி வச்சுத் தரணும். இல்லேன்னா என் மானம் போயிடும்."

"ஒரு தடவையாவது என் பேரைச் சொன்னியா?"

"மொத நாள் சொல்லத்தான் போனேன். குடிச்சிட்டு என்னைப் பார்த்தாரு பாரு... அப்புறம் சொல்ல மனசு வரலைடி."

எனக்கும் அந்தப் பார்வைதான் வேண்டியிருந்தது.

கூடையை வாங்கிக்கொண்டு உள்ளே போனேன். அன்று காலை கசாப்புக் கடையில் வெட்டி வாங்கிய எலும்பு மேஜைமேல் இருந்தது. ஜாடிக்கு ஒரு துண்டாகப் பச்சையாகவே போட்டு மூடினேன். மேலே ஆறு வெங்காயம் வைத்து, கூடையை அவள் கையில் கொடுத்தேன்.

"இதை வச்சுக்கிட்டு நான் என்னடி பண்றது?"

"அவர் கேட்டப்போ சிரிச்சியே, அதே மாதிரி சிரி" என்று சொல்லிக் கதவைச் சாத்தினேன்.