ஆடி இருபத்துநாலு

ஆபரேஷன் தியேட்டர் கதவை ஒட்டி மாட்டியிருந்த கரும்பலகையில் அன்றைக்கு நான்கு பெயர்கள் இருந்தன. மூன்றாவது பெயர் அன்புக்கரசி. இருபது வயது, சோமனூர், தலைப்பிரசவம், சிசேரியன். எழுதியவள் ரங்கநாயகி. கோயம்புத்தூரின் அந்தப் பெரிய ஆஸ்பத்திரியில் பிரசவ வைத்திய மேல்படிப்புக்குச் சேர்ந்து எட்டு மாதமே ஆன முதல் வருட டாக்டர். பீளமேட்டில் பம்புசெட் ஃபவுண்டரி வைத்திருந்த அவளுடைய அப்பா, வருகிறவர் போகிறவரிடமெல்லாம் "எங்க ரங்கா பெரிய படிப்பு படிக்கிறா" என்று சொல்லிப் பூரித்துப் போவார். அந்தப் பெரிய படிப்பில் முக்கால்வாசி ரத்த பாட்டிலுக்கு அலைவதும், கேஸ் ஷீட் எழுதுவதும், சீஃப் கேட்கிற கேள்விக்குத் திருதிருவென்று முழிப்பதும்தான் என்பது அவருக்குத் தெரியாது. தெரிந்து என்ன ஆகப் போகிறது.

தொண்ணூற்றாறாம் வருடம், பங்குனி மாதம், புதன்கிழமை. மணி எட்டரை. ஆபரேஷனுக்குக் கையெழுத்து வாங்குவதற்காக ரங்கநாயகி படிவத்தோடு அன்புக்கரசியின் கட்டிலுக்குப் போனாள். அந்தப் பெண் பச்சைத் துணி உடுத்தி, தலையை இரட்டைச் சடையாகப் பின்னிக்கொண்டு, தேர்வு எழுதப் போகிற பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி உட்கார்ந்திருந்தாள். கார்டில் எழுதியிருந்த கணக்குப்படி அவளுக்கு முப்பத்தெட்டு வாரம் முடிந்திருந்தது. வயிறோ முப்பத்துநாலு வாரத்து வயிறு. ஸ்கேனும் அதையேதான் சொன்னது. போதாததற்குக் குழந்தையின் தலை மேலே இருந்தது. உள்ளே ஊட்டம் போதாமல் குழந்தை தேய்கிறது, இனியும் விட்டால் உள்ளேயே போய்விடும், எடுத்துவிடலாம் என்று யூனிட் சீஃப் முந்தின நாள் முடிவு செய்திருந்தார்.

அன்புக்கரசி கையெழுத்துப் போட்டாள். பக்கத்தில் நின்ற மாமியார் பழனியாத்தாள்தான் பேசினாள்.

"நல்ல வேளைங்க டாக்டரம்மா, சித்திரை பொறக்கறதுக்குள்ள எடுத்துப்போடறீங்க. தலைச்சன் சித்திரையில பொறந்தா ஊட்டுக்கு ஆகாதுங்க. அதுக்குத்தானுங்க புதுசாக் கண்ணாலம் ஆனதுகளை ஆடிக்குப் பிரிச்சு வெக்கறது. இவளையும் ஆனிக் கடைசியில அவிய அம்மா ஊட்டுக்கு, தாராபுரத்துக்கு அனுப்பிப்போட்டு, ஆவணி பொறந்துதான் கூட்டியாந்தோம். அப்படியிருந்தும் பாருங்க, நீங்க குறிச்ச தேதி சித்திரை நாலுன்னு வந்து நிக்குது."

சொல்லிவிட்டு மருமகளை ஒரு பார்வை பார்த்தாள். மருமகள் தரையைப் பார்த்தாள். அந்தப் பார்வை புதிதல்ல, பல மாதமாகப் பழகிப்போன ஒன்று என்பது பார்த்தவுடனே தெரிந்தது.

ரங்கநாயகி படிவத்தை மடித்துக்கொண்டு நாலு எட்டு நடந்திருப்பாள். அப்புறம்தான் உறைத்தது. கடைசி மாதவிலக்கு ஆனி இருபத்தெட்டு என்று கார்டில் இருக்கிறது. அப்படியானால் கரு உண்டானது ஆடி பத்து வாக்கில். ஆடி முழுக்க இவள் தாராபுரத்தில், புருசன் சோமனூரில்.

ரங்கநாயகி திரும்பி வந்தாள். கார்டை எடுத்துப் பார்த்தாள். கையெழுத்து அவளுடையதுதான். மார்கழியில் ஒரு திங்கட்கிழமை, ஓ.பி.யில் நூற்றைம்பது பேர் வரிசையில் நின்ற நாளில் எழுதியது. "கடைசியா எப்பம்மா தூரமானே?" என்று அவள் கேட்டதும், இந்தப் பெண் வாய் திறக்கும் முன்னே மாமியார் தேதி சொன்னதும் நினைவு வந்தது. இன்னொன்றும் நினைவு வந்தது. அன்றைக்கு வயிற்றைத் தொட்டுப் பார்த்தபோது கர்ப்பப்பையின் மேல் விளிம்பு அவள் எதிர்பார்த்த இடத்துக்கு வரவில்லை, கீழேயே நின்றுவிட்டது. தன் கை மீது அவளுக்கு நம்பிக்கை இல்லை. கை சொன்னதை விட்டுவிட்டு, கணக்கு சொன்னதை எழுதினாள்.

"நீங்க போயி ரத்த பேங்கில சீட்டு வந்துருச்சான்னு கேட்டுட்டு வாங்கம்மா" என்று பழனியாத்தாளை அனுப்பினாள். சீட்டு எப்போதோ வந்து ரங்கநாயகியின் பையில் இருந்தது.

"அம்மணி, உங்கம்மா வீட்டுல இருந்தப்ப உனக்குத் தூரமாச்சா?"

அன்புக்கரசி நிமிர்ந்து பார்த்தாள். "ஆச்சுங்க. ஆடி இருவத்திநாலு. அதனாலதான் கடைசி ஆடி வெள்ளிக்குக் கோயிலுக்குப் போக முடியலீங்க."

"அதை ஏன் சொல்லலே?"

"அத்தைக்கு அது தெரியாதுங்க. அவங்க கண்ணுல பார்த்தது ஆனியில வந்ததுதான். அவங்க சொல்லி, நீங்களும் எழுதிட்டீங்க. எழுதினதுக்கு அப்புறம் நான் எப்படிங்க குறுக்கப் பேசறது."

ஒரு மாத வித்தியாசம். முப்பத்தெட்டு இல்லை, முப்பத்துநாலு. குழந்தை தேயவில்லை. இருக்கவேண்டிய அளவில், இருக்கவேண்டிய இடத்தில் நிம்மதியாகத்தான் இருக்கிறது. இன்னும் இரண்டு மணி நேரத்தில் அதை வெளியே எடுத்து, மூச்சுவிடத் தெரியாமல் நெஞ்சு குழிவிழத் திணறுவதை எல்லோரும் நின்று பார்க்கப் போகிறார்கள்.

யூனிட் சீஃப் டாக்டர் சாஜிதா பேகம் முதல் கேஸுக்காகக் கை கழுவிக்கொண்டிருந்தார். கத்துகிறவர் அல்ல. கத்தினால் எவ்வளவோ தேவலை என்று அவரிடம் படித்த எல்லோரும் சொல்வார்கள். ரங்கநாயகி உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு விஷயத்தைச் சொன்னாள். சொல்கிற வரைக்கும் சீஃப் கை கழுவுவதை நிறுத்தவில்லை.

"கார்டு எழுதினது யாரு?"

"நான்தான் மேடம்."

"தேதி சொன்னது?"

"மாமியார்."

"ஏன், மாமியாரா மாசமா இருந்தாங்க?"

பக்கத்தில் நின்ற இரண்டாம் வருட டாக்டர் உதட்டைக் கடித்துக்கொண்டு திரும்பிக்கொண்டாள். ரங்கநாயகிக்குக் காது சுட்டது.

"சரி. ஆடியில பட்டுதே, அது எத்தனை நாள் இருந்துச்சு? கரு உண்டான பின்னாடியும் சில பேருக்கு லேசா ரத்தம் படும். நாலு நாளா, நாலு சொட்டா?"

கேட்கவில்லை. அதைக்கூடக் கேட்காமல்தான் ஓடி வந்திருந்தாள். திரும்பி ஓடினாள். கட்டிலருகே மூச்சு வாங்க நின்று கேட்டாள்.

"நாலு நாளுங்க. எப்பவும் போலத்தான். ரெண்டாம் நாள் வயித்துவலியில சுருண்டு கெடந்தேன்" என்றாள் அன்புக்கரசி.

ரங்கநாயகி வந்து சொன்னதைச் சீஃப் கேட்டுக்கொண்டார். பிறகு, "மூணாவது பேரை அழிச்சிரு" என்றார். "ஆனா ஒண்ணு. இப்ப சொன்னது சரின்னா, எடுக்காம விட்டதால ஒரு குழந்தை பிழைக்கும். தப்புன்னா, விட்டதாலதான் அது உள்ள சாகும். ரெண்டுமே உன் கணக்கு. பதினாலு நாள் இங்கேயே வெச்சிருப்போம். மறுபடி ஸ்கேன். வளர்ந்திருந்தா நீ சரி."

ரங்கநாயகி பலகையில் மூன்றாவது பெயரைப் புறங்கையால் அழித்தாள். பழனியாத்தாளிடம், ஆடி மாதம் பெண் அம்மா வீட்டில் இருந்ததால் தேதி தப்பு, குழந்தை வைகாசியில்தான் பிறக்கும் என்று விளக்கினாள். பழனியாத்தாளுக்குச் சித்திரை தப்பியதில் ஏக மகிழ்ச்சி. மருமகளைப் பார்க்கிற பார்வைகூட மாறியது. அது மாறவேண்டியதே இல்லை, முதலில் அப்படிப் பார்த்ததற்கே அவள் வெட்கப்பட்டிருக்கவேண்டும் என்று ரங்கநாயகிக்குக் கோபம் வந்தது. ஆனால் அந்தப் பார்வைக்கு ஆதாரமாக இருந்த தேதியை எழுதியது யார் என்று யோசித்தபோது கோபம் அடங்கிவிட்டது.

அன்றிலிருந்து காலை, மதியம், சாயங்காலம் மூன்று வேளையும் அவளே போய் வயிற்றில் குழாய் வைத்துக் கேட்டாள். நடுவில் கை ஒழிந்தபோதெல்லாம் கேட்டாள். துடிப்பு கிடைக்கும்வரை அவளுக்குத் தன் நெஞ்சுத் துடிப்புதான் கேட்கும். "அசையுதா?" என்று கேட்பாள். "நல்லா அசையுதுங்க" என்று அந்தப் பெண் சொல்வாள். ஹாஸ்டலில் தட்டில் போட்ட சாதம் அப்படியே இருக்கும்.

திங்கட்கிழமை மாலை, பார்வையாளர் நேரத்தில் அன்புக்கரசியின் புருசன் சென்னியப்பன் வந்தான். விசைத்தறி ஓட்டுகிறவன், தலைமுடியில் பஞ்சு ஒட்டியிருந்தது. மனைவியைப் பார்த்துவிட்டு, வராந்தாவில் ரங்கநாயகிக்காகக் காத்திருந்தான்.

"ஏனுங் டாக்டர், ஒண்ணு சொல்லோணுங்க. ஆடியில நாங்க பிரிஞ்சிருந்ததை வெச்சுத்தான் ஆபரேசனை நிறுத்துனீங்கன்னு அம்மா சொல்லுச்சு." வராந்தாவின் இரண்டு பக்கமும் பார்த்தான். "ஆடி பொறந்து பத்துநாள் இருக்குமுங்க. நான் தாராபுரம் போயிருந்தேன். அவிய அம்மா அப்பன் சந்தைக்குப் போயிருந்தாங்க. எங்கம்மாவுக்குத் தெரியாதுங்க. புள்ளைக்கு ஏதாச்சும் ஆயிருமோன்னு பயமா இருக்குது, அதான் சொல்லிப்போட்டேன்."

சரியாக ஆடி பத்து. பழைய கணக்குப்படி கரு உண்டாகியிருக்கவேண்டிய அதே நாள். ஊரெல்லாம் கடைப்பிடிக்கிற வழக்கத்தை இவர்களும் கடைப்பிடித்திருப்பார்கள் என்று ரங்கநாயகி நம்பி, அதன் மேல் ஒரு குழந்தையின் உயிரை நிறுத்தி வைத்திருந்தாள். இப்போது அந்தப் பழைய தேதியே சரியாக இருக்கலாம். குழந்தை உள்ளே உண்மையாகவே தேய்ந்துகொண்டிருக்கலாம்.

"அவர் வந்ததை ஏன் என்கிட்டே சொல்லலே?" என்று அன்புக்கரசியிடம் கேட்டபோது அவள் குரல் அவளுக்கே பிடிக்கவில்லை.

"நீங்க அதைக் கேக்கலீங்களே. தூரமான தேதியைத்தானே கேட்டீங்க. அது ஆடி இருவத்திநாலுதானுங்க."

சீஃபிடம் சொல்லாமல் விட்டுவிடலாம் என்று ஒரு நிமிஷம் நினைத்தாள். ஏன், இரண்டு நிமிஷமே நினைத்தாள். சொன்னால் நாளைக்கே கத்தியை எடுப்பார். சொல்லாமல் விட்டு ஏதாவது ஆனால் அப்புறம் ஆயுசுக்கும் தூக்கம் இல்லை. போய்ச் சொன்னாள்.

சாஜிதா பேகம் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார். "அப்ப உன்கிட்டே மிச்சம் என்ன இருக்கு?"

"அந்தப் பொண்ணு சொன்ன தேதி மேடம். நாலு நாள். வயித்துவலி."

"அது போதுமா?"

ரங்கநாயகிக்கு, மாமியார் சொன்னதை எழுதியது நினைவு வந்தது. வழக்கத்தை நம்பியது நினைவு வந்தது. யாரை யாரையோ நம்பினோம், கர்ப்பத்தைச் சுமக்கிறவளை மட்டும் கடைசியில் வைத்தோம் என்று தோன்றியது.

"போதும் மேடம்."

"கேஸ் ஷீட்ல எழுதிக் கையெழுத்துப் போடு."

எழுதினாள். அடுத்த ஒன்பது நாளும் அவள் எப்படி நடமாடினாள் என்று கேட்டால் அவளுக்கே சொல்லத் தெரியாது. ஒருநாள் மதியம் அசைவு குறைச்சலாக இருக்கிறது என்று அன்புக்கரசி சொன்னபோது, கடகடவென்று குழாயை வைத்து, கிடைக்காமல், இடம் மாற்றி வைத்து, கிடைத்து, அப்படியே கட்டில் விளிம்பில் உட்கார்ந்துவிட்டாள். "தூங்குதோ என்னமோங்க" என்று அந்தப் பெண்தான் அவளுக்குத் தைரியம் சொன்னாள்.

பதினாலாம் நாள் ஸ்கேன் எடுத்தார்கள். முப்பத்தாறு வாரத்து அளவு. இரண்டு வாரத்தில் இரண்டு வாரத்துக்கு உண்டான வளர்த்தி, பனிக்குட நீரும் வேண்டியமட்டும் இருந்தது. தலைகூடக் கீழே திரும்பியிருந்தது. சீஃப் "ம்" என்றார். கார்டில் பழைய தேதியைச் சிவப்பு மையால் அடித்துவிட்டு, "புதுசு நீ எழுது" என்று கார்டை அவள் பக்கம் தள்ளினார். வைகாசிக்கு வருகிற மாதிரி மே பதினாறு என்று எழுதினாள்.

வார்டுக்கு ஓட்டமும் நடையுமாகப் போனாள். அன்புக்கரசி இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

"வளர்ந்திருக்கு அம்மணி. நீ சொன்ன தேதிதான் சரி."

"எனக்குத் தெரியுமுங்களே" என்றாள் அவள்.

ரங்கநாயகிக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. "பதினாலு நாளா நான் செத்துச் செத்துப் பிழைச்சேன். உனக்குப் பயமே இல்லையா?"

"இருந்துச்சுங்க. நீங்க மறுபடியும் கார்டைப் பார்த்துப்போடுவீங்களோன்னு."

அவள் அதைக் குத்தலாகச் சொல்லவில்லை. கையைக் கழுவி முந்தானையில் துடைத்துக்கொண்டு, குரலைத் தாழ்த்தினாள்.

"ஏனுங், அந்த மூணாவது கட்டில் அக்காவையும் ஒருக்கா கேட்டுப் பாருங்க. நேத்துத்தான் வந்தாங்க. புள்ளை வளரலைன்னு நாளைக்கு ஆபரேசனாமா. தேதி அவிய நாத்தனா சொன்னதுங்களாமா."

ரங்கநாயகி திரும்பிப் பார்த்தாள். மூன்றாவது கட்டிலில் ஒரு பெண் ஒருக்களித்துப் படுத்திருந்தாள். பக்கத்தில் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தவள் டாக்டரைக் கண்டதும் எழுந்து, "என்ன கேக்கோணுங்க டாக்டர்? நான் சொல்றனுங்க" என்றாள். கட்டில் கம்பியில் தொங்கிய கார்டை ரங்கநாயகி கையில் எடுத்தாள். அதிலும் அவளுடைய கையெழுத்துதான். சேர்ந்த நாளிலிருந்து திங்களும் வியாழனும் ஓ.பி.யில் உட்கார்ந்து இப்படி எத்தனை கார்டு எழுதினோம் என்று யோசித்துப் பார்த்தாள். எண்ணிக்கை அவளுக்குத் தெரியவில்லை.