முதலில் கொம்பு

கம்ப்யூட்டர் பெட்டியின் பொத்தானை அழுத்தியதும் உள்ளே விசிறி அரைச் சுற்று சுற்றியது. முன்னாலிருந்த பச்சை விளக்கு எரிந்தது. மகள் மூச்சை விடுவதற்குள் எல்லாம் அணைந்துவிட்டது.

“மறுபடியுமா?” என்றார் அப்பா.

“ம்.”

காலையிலிருந்து இதே கூத்துதான். மகள் தரையில் சம்மணம் போட்டு, ஸ்க்ரூடிரைவரும் கையுமாக உட்கார்ந்திருந்தாள். ஓர் அலுவலகத்தின் கம்ப்யூட்டர்களைப் பழுதுபார்ப்பதுதான் அவள் பிழைப்பு. ஊரார் பெட்டிகளை எல்லாம் ஓட வைத்தவளுக்கு வீட்டுப் பெட்டி தண்ணி காட்டிக்கொண்டிருந்தது. அவள் முதுகுக்குப் பின்னால் கட்டிலில் அம்மா படுத்திருந்தாள். விடிந்ததும் வந்து பார்த்த நர்ஸ், அப்பாவை வாசலுக்கு அழைத்துப் போய், “இன்னிக்குத் தாண்டறது கஷ்டம்யா. பக்கத்துலயே இருங்க” என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார். அடுப்படியில் நின்ற மகள் காதிலும் அது விழுந்தது.

தொண்டையில் அறுவை செய்து குரல்வளையை எடுத்ததோடு அம்மாவின் பேச்சு போய்விட்டது. அப்புறம் இந்தப் பெட்டிதான் அம்மாவுக்காகப் பேசியது. அம்மா தட்டச்சு செய்வாள், அது வாசிக்கும். செய்தி வாசிப்பவர் போன்ற குரல். வீட்டில் அதற்குச் செய்தியம்மா என்று பெயரே வைத்துவிட்டார்கள். அம்மா வேலையிலிருந்து ஓய்வு பெறும்வரை வக்கீல் அலுவலகத்தில் தமிழ் டைப்பிஸ்ட். வாய் என்ன பேசினாலும் விரல்களுக்குப் பத்திரத் தமிழைத் தவிர வேறொன்றும் வராது. அதனால் இந்த ஒரு வருஷமாக வீட்டில் விழுந்த திட்டெல்லாம் சுத்தமான எழுத்துத் தமிழில்தான் விழுந்தது. “மேற்படி ஈரத்துண்டைக் கட்டிலின் மீது போட வேண்டாம்” என்று செய்தியம்மா ஒருநாள் முழங்கியபோது, “கோர்ட்டுல நிக்கிற மாதிரியே இருக்கு” என்று அப்பா கையைக் கட்டிக்கொண்டு நின்றார். அம்மா சத்தமில்லாமல் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள்.

இன்று கண் விழித்ததிலிருந்து அம்மாவின் விரல்கள் போர்வையின்மேல் தட்டிக்கொண்டே இருந்தன. ஏதோ சொல்ல வேண்டும் என்று தவிக்கிறாள். அது என்ன என்று தெரியாமலே போய்விடுமோ என்று மகள் பயந்தாள். பென்சிலைக் கொடுத்துப் பார்த்தாள், விரலில் நிற்கவில்லை. போனை நீட்டினாள், அம்மா புறங்கையால் தள்ளிவிட்டாள். மடிக்கணினியின் சப்பை விசைகளையும் தொட மறுத்துவிட்டாள். அம்மாவுக்கு அந்தப் பழைய, தடித்த கீபோர்டுதான் வேண்டும். அதன் ஒயர் முனையோ பழைய காலத்து உருண்டைப் பின். புது மெஷின் எதிலும் நுழையாது. அதற்கான மாற்று முனை பூட்டிக் கிடக்கும் அலுவலகத்தில் இருந்தது. ஆக, இந்தப் பெட்டி ஓடினால்தான் உண்டு.

பிளக்கை மாற்றிப் பார்த்தாயிற்று. பவர் கேபிளை மாற்றியாயிற்று. மெமரி கார்டைப் பிடுங்கி, அதன் பொன்னிறப் பற்களை ரப்பரால் துடைத்து, மறுபடி மாட்டினாள். விசிறி சுற்றியது, விளக்கு எரிந்தது, அணைந்தது. இப்படி அடம்பிடிக்கும் பெட்டியை மடக்க ஒரு வழிதான் உண்டு. தேவையில்லாததை எல்லாம் ஒவ்வொன்றாகக் கழற்றிக்கொண்டே போக வேண்டும்.

“எல்லாத்தையும் கழட்டிட்டே போறதுதான் வைத்தியமா?” என்று அப்பா ஈரப் பஞ்சால் அம்மாவின் உதட்டை நனைத்தபடி கேட்டார். “உங்கம்மாவுக்கும் அதத்தான் பண்ணாங்க.”

அம்மாவின் தோள் லேசாகக் குலுங்கியது. இந்த நிலையிலும் அவருடைய மொக்கைக்குச் சிரிக்கிறாளே என்று மகள் நினைத்துக்கொண்டாள்.

டிவிடி டிரைவைக் கழற்றினாள். பிரிண்டர், மவுஸ், ஸ்பீக்கர் எல்லாவற்றையும் உருவினாள். கடைசியாகக் கீபோர்டையும் உருவினாள். தரையில் வைக்க இடமில்லாததால் அதைக் கட்டிலில், அம்மாவின் கையருகே போட்டுவிட்டுத் திரும்பி மறுபடி பெட்டிக்குள் தலையைக் கொடுத்தாள்.

கொஞ்ச நேரத்தில் பின்னால் டக் டக் என்று சத்தம் கேட்டது.

அம்மா கீபோர்டை வயிற்றின்மேல் இழுத்து வைத்துக்கொண்டு அடித்துக்கொண்டிருந்தாள். கண்கள் பாதி மூடியிருந்தன. அதன் ஒயர் கட்டிலுக்குக் கீழே சும்மா தொங்கியது.

“அம்மா, ஒயர உருவிட்டேம்மா. அடிச்சா வராது. கொஞ்சம் பொறு, இதோ முடிச்சிடறேன்.”

விரல்கள் நிற்கவில்லை. மகள் எட்டிப் பார்த்தாள். அம்மாவின் விரல் படும் விசைகளை எல்லாம் மனசுக்குள் கோத்துப் பார்த்தாள். ஆங்கில எழுத்துகள் கன்னாபின்னாவென்று வந்தன. அம்மா என்று எழுத ஏ, எம், எம், ஏ என்று அடித்துப் பழகியவள் மகள். அம்மா அடிப்பதோ பழைய டைப்ரைட்டர் முறையில். அதில் எந்த எழுத்து எங்கே இருக்கும் என்று மகளுக்குத் தெரியாது. ஒருநாள் கற்றுக்கொடுக்கிறேன் வா என்று அம்மா கூப்பிட்டிருக்கிறாள். யாரும்மா இப்பல்லாம் இதுல அடிக்கிறாங்க என்று சிரித்துவிட்டுப் போனதுதான்.

பெட்டிக்குத் திரும்பினாள். டார்ச்சை அடித்தபோது கண்ணில் பட்டது. ப்ராசசரின்மேல் உட்கார்ந்திருக்கும் விசிறியின் ஒரு கால் கழன்று, லேசாகத் தூக்கிக்கொண்டு நின்றது. சூடு வெளியே போக வழியில்லை. வெந்து போகாமல் இருக்கத்தான் பெட்டி தன்னைத்தானே அணைத்துக்கொண்டிருக்கிறது.

“கண்டுபிடிச்சிட்டேன்!” என்று கத்தியேவிட்டாள். “அப்பா, மாட்டிக்கிச்சு! ஒரு அஞ்சு நிமிஷம், செய்தியம்மா பேசிடுவா.”

அப்பா பஞ்சுக் கிண்ணத்தைப் பிடித்தபடியே அம்மாவின் விரல்களைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார். உதடுகள் மட்டும் அசைந்தன.

“ரெட்டைக் கொம்பு... ப... காலு. போ.”

“என்னப்பா?”

“இரு, பேசாத. து... ம்... மா. போதும்மா.” கிண்ணத்தைத் தரையில் வைத்தார். “போதும்மா குட்டி... விடு... பக்கத்துல வா.” என்று வாசித்து முடித்தார். “பாப்பா, அதையேதான் திரும்பத் திரும்ப அடிக்கிறா. உன்னத்தான் கூப்பிடுறா.”

மகளுக்கு முதலில் ஒன்றும் விளங்கவில்லை. “உங்களுக்கு எப்படித் தெரியும்? நீங்கதான் டைப்பிங்ல ஃபெயிலாச்சே.”

“ஆமா, ஃபெயிலுதான்.” அப்பா அம்மாவின் கையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. “டைப்பிங் கிளாஸ்ல பக்கத்து மெஷின்ல இவ. நான் எங்க என் மெஷினப் பாத்தேன்? இவ கையத்தான பாத்துட்டிருந்தேன். பரீட்சையக் கோட்ட விட்டது பின்ன எதனாலன்னு நெனச்ச?”

அம்மாவின் வாயோரம் சிரிப்பு வந்துபோனது.

மகள் கையில் ஸ்க்ரூடிரைவர் இருந்தது. விசிறியின் அந்தக் காலை அழுத்தி மாட்டினால் போதும், பெட்டி ஓடும். அம்மா சொல்வதை அந்தக் குரலில் கேட்கலாம். காலையிலிருந்து அதற்காகத்தான் இத்தனை பாடு. ஆனால் காலையிலிருந்தே தன் முதுகைத்தான் அம்மா பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள் என்பது இப்போதுதான் உறைத்தது. அவளுக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. ஸ்க்ரூடிரைவரை அப்படியே போட்டுவிட்டுக் கட்டிலில் ஏறி, அம்மாவின் தோளை ஒட்டிப் படுத்துக்கொண்டாள். சின்ன வயதில் காய்ச்சல் வந்தால் படுப்பது போல.

“வந்துட்டேம்மா. விட்டுட்டேன். பாரு, கையில ஒண்ணுமில்ல.”

அம்மா தலையைச் சாய்த்து மகளின் நெற்றியில் கன்னத்தை வைத்தாள். விரல்கள் கொஞ்ச நேரம் ஓய்ந்திருந்தன. பிறகு மெதுவாக அடித்தன. ஒரு விசைக்கும் அடுத்ததற்கும் நடுவே நீண்ட இடைவெளி.

“தலை... சீவு,” என்று அப்பா வாசித்தார். “பேய் மாதிரி... இருக்க.”

மகள் அழுதுகொண்டே சிரித்துவிட்டாள். “திட்டு மட்டும் கொறையல.”

“பேச்சுத் தமிழ்ல அடிக்கிறா பாத்தியா?” அப்பா அம்மாவின் விரல்களைக் காட்டினார். “மேற்படியும் இல்ல, ஒண்ணும் இல்ல. இந்த விரல்லேருந்து இப்படி வந்து நான் பாத்ததே இல்ல.”

வெயில் ஜன்னலை விட்டு இறங்கிச் சுவருக்குப் போயிருந்தது. தெருவில் யாரோ வண்டியைக் கழுவிக்கொண்டிருந்தார்கள், தண்ணீர் வாளியில் விழும் சத்தம் கேட்டது. அம்மாவின் மூச்சு நீண்டு, நின்று, மறுபடி தொடர்ந்தது. விரல்கள் மீண்டும் எழுந்தன. இந்தத் தடவை கொஞ்சம் அதிகமாகவே அடித்தாள். அப்பாவின் உதடுகள் கூடவே அசைந்தன. ஆனால் சத்தம் வரவில்லை.

“என்னப்பா சொல்றா?”

அப்பா மூக்கை உறிஞ்சினார். காது மடல் சிவந்திருந்தது.

“அது எனக்கு.”

மகள் அம்மாவின் மார்பில் கையை வைத்துப் படுத்திருந்தாள். கை ஏறியது, இறங்கியது. வெகுநேரம் கழித்து மறுபடி ஏறியது. டக் என்று ஒரே ஒரு சத்தம் கேட்டது.

“ஒத்தக் கொம்பு,” என்றார் அப்பா. குனிந்து, இன்னும் கிட்டே போனார்.

மகளின் கை இறங்கியது. காத்திருந்தாள். அது மறுபடி ஏறவில்லை. தெருவில் தண்ணீர்ச் சத்தமும் நின்றுவிட்டது.

“அப்பா.”

“இரும்மா, அவசரப்படாத.” அவர் நிமிரவே இல்லை. “எங்க மெஷின்ல கொம்புதான் மொதல்ல. எழுத்து அப்புறந்தான் வரும்.”

அவள் சரி என்றாள். கையை எடுக்காமல் அவரோடு சேர்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். அம்மாவின் விரலுக்குக் கீழே அந்த விசை அழுந்தியபடியே இருந்தது.