ஒட்டகச்சிவிங்கி குளிக்கப் போன வீடு

வீடு கட்டுபவர்களுக்கு பிளான் வரைந்து கொடுப்பதுதான் அப்பாவின் பிழைப்பு. கோடு ஒரு நூல் விலகினாலும் அவருக்குச் சோறு இறங்காது. அப்படிப்பட்டவருக்கு வாய்த்த ஐந்து வயது மகளை வீட்டில் வாலு என்றுதான் கூப்பிடுவார்கள். எந்த நேரமும் அவள் கையில் ஒரு கலர் பென்சில் இருக்கும்.

"பிள்ளை என்ன வரைஞ்சாலும் தடுக்காதீங்க, அது பாட்டுக்கு வரையட்டும்" என்று ஓவிய டீச்சர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். அப்பாவும் பெருந்தன்மையாகத் தலையாட்டியிருந்தார்.

அன்று காலை ஒரு கணவனும் மனைவியும் தங்கள் பிளானைப் பார்க்க வந்தார்கள். அப்பா சுருளைப் பிரித்து மேஜையில் விரித்தார். குளியலறையில் ஆரஞ்சு நிறத்தில் ஓர் ஒட்டகச்சிவிங்கி நின்றது. அதன் கழுத்து சமையலறையைத் தாண்டி, சுவரைத் துளைத்து, படுக்கையறைக்குள் எட்டிப் பார்த்தது.

கணவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். "இது என்னங்க?"

மேஜைக்கு அடியிலிருந்து பதில் வந்தது. "அது குளிக்குது மாமா. கண்ணுல சோப்பு போயிடுச்சு. துண்டு கேக்குது."

"யார்கிட்ட?"

"உங்ககிட்டதான். நீங்க குறட்டை விடுறீங்க."

"மன்னிச்சிடுங்க, வேற காப்பி இருக்கு" என்று அப்பா அவசரமாகச் சுருட்டப் போனார். மனைவி விடவில்லை.

"இருங்க, அது நியாயமாத்தானே கேக்குது! குளிக்கிற இடத்துக்கும் படுக்கையறைக்கும் நடுவுல சமையலறைய வச்சிருக்கீங்க. இவரு துண்டை மறந்துட்டுப் போற ஆளு. சொட்டச் சொட்ட என் அடுப்பைத் தாண்டியா ஓடி வருவாரு?"

"நான் எப்பம்மா மறந்தேன்?"

"முந்தாநாள் ஜன்னல் திரையைக் கட்டிக்கிட்டு வந்தது யாரு?"

கணவர் மேற்கூரையைப் பார்த்தார். அப்பா பிளானைப் பார்த்தார். பதினைந்து வருஷ அனுபவத்துக்கு இது தோன்றவில்லையே என்று வெட்கமாக இருந்தது. குளியலறையை இடம் மாற்ற ரப்பரை எடுத்தார்.

"அப்பா, அழிக்காதீங்க! அது இன்னும் துவட்டவே இல்ல!" வாலுவின் கண்ணில் நீர் கோத்துக்கொண்டது.

மூன்று பெரியவர்களும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அப்பா ரப்பரை வைத்துவிட்டு, நீலப் பென்சிலை எடுத்து, வாழ்க்கையில் முதல் தடவையாக ஸ்கேல் இல்லாமல் ஒரு துண்டு வரைந்தார். அது நாலு பக்கமும் கோணிக்கொண்டு வந்தது.

வாலு தலையைச் சாய்த்துப் பார்த்தாள். "கிழிஞ்ச துண்டுப்பா" என்றாள். "பரவால்ல, துவட்டிக்கும்."