தைலம்மாளின் அண்ணன்

கள்ளக்குறிச்சி ஸ்கேன் சென்டரில் என்னிடம் முதலில் கேட்டது என் வியாதியைப் பற்றி அல்ல.

"பெரியவரே, கூட யாரு வந்துகிறாங்க?" என்றாள் கவுன்டரில் இருந்த பெண்.

யாருமில்லை. மூன்று மாத இருமல். எக்ஸ்ரேயில் நுரையீரலில் ஒரு நிழல். புற்றுநோயா என்று சிடி ஸ்கேனில் பார்த்துவிடலாம் என டாக்டர் அனுப்பியிருந்தார். மனைவி இறந்தபின் பெங்களூருக்குக் கூப்பிட்ட மகனிடம் வரமாட்டேன் என்று வீம்பு பிடித்தவன் நான். இப்போது எந்த முகத்தோடு கூப்பிடுவது?

"ஊசி போட்டு எடுக்கிற ஸ்கேன். சொந்தக்காரங்க கையெழுத்து இல்லாம உள்ள வுட மாட்டோம்."

பக்கத்து நாற்காலியில் வெள்ளிமலையிலிருந்து வந்த தைலம்மாள் என்ற பெண். வயிற்றுவலி. அவளையும் இதே கேள்வி கேட்டு உட்கார வைத்திருந்தார்கள். ஆபத்துக்குப் பாவமில்லை. "இது என் தங்கச்சிதாம்மா" என்றேன். அவள் ஒரு கணம் திகைத்து, "ஆமா, அண்ணன்தான்" என்றாள். கவுன்டர் பெண் நம்பியதாகத் தெரியவில்லை. காகிதம் நிரம்பினால் போதும் அவளுக்கு. தைலம்மாளுக்கு நான் கையெழுத்துப் போட்டேன், எனக்கு அவள்.

படுக்க வைத்து, கைகளைத் தலைக்கு மேல் தூக்கச் சொல்லி, பெரிய வளையத்துக்குள் தள்ளினார்கள். மிஷின் இந்தியில் ஏதோ சொன்னது. "மூச்ச இழுத்துப் புடிங்க" என்று கண்ணாடிக்குப் பின்னாலிருந்து ஒரு குரல். ஊசி மருந்து உடம்பெல்லாம் சூடாக ஓடியது. வெங்காயம் அரிவதுபோல நெஞ்சை மெல்லிசு மெல்லிசாகப் படம் எடுக்குமாம். அந்த அறையில் நான் மட்டும்தான் இருந்தேன். பயமாக இருந்தது.

கெட்ட செய்தியை நோயாளியிடம் சொல்வது நம் ஊரில் வழக்கமில்லை. கூட வந்தவரைத்தான் கூப்பிடுவார்கள். கையெழுத்துப் போட்டபோது இது எனக்கு உறைக்கவில்லை.

"தைலம்மாளோட அண்ணன் உள்ள வாங்க."

டாக்டர் திரையில் ஒரு திட்டைக் காட்டினார். "கிட்னில கட்டி. கேன்சர் மாதிரிதான் தெரியுது. இன்னும் பரவல. உடனே பாண்டிச்சேரிக்குக் கூட்டினு போய் ஆபரேஷன் பண்ணா பொழைச்சுக்குவாங்க. பக்குவமா சொல்லுங்க."

வெளியே வந்தேன்.

"இன்னா சொன்னாங்கண்ணா?"

என்னை அப்படிக் கூப்பிட ஆளில்லாமல் எத்தனையோ வருஷம் ஆகிறது. உண்மையைச் சொல்ல மனசு வரவில்லை.

"ஒண்ணுமில்லம்மா. மாத்திரையிலயே சரியாப் பூடுமாம்."

பிறகு "சுப்புராயனோட தங்கச்சி" என்று அவளைக் கூப்பிட்டார்கள். ஐந்து நிமிஷத்தில் திரும்பினாள்.

"ஒண்ணுமில்லயாம்ணா. எப்பவோ வந்த டிபி ஆறிப்போன தழும்பாம்."

கள்ள மனம் துள்ளும் என்பார்கள். "நெசத்தைச் சொல்லும்மா, தாங்கிக்கிறேன்" என்றேன்.

அவள் முகம் சுருங்கியது. "நான் ஏன் பொய் சொல்லப்போறன்? நீங்க சொன்னத நான் நம்பலியா?"

பையை எடுத்துக்கொண்டாள். "எனக்கும் ஒண்ணுமில்லன்னா இனிமே டாக்டரு எதுக்கு? நேரா மலைக்கே போயிடறன். பஸ்சுக்கு நேரமாவுது."

பிழைத்துவிட்டேன் என்ற சந்தோஷம் எனக்கு வரவேயில்லை. அதைச் சொல்லிக்கொள்ள இருந்த ஒரே ஆளும் படியிறங்கிக்கொண்டிருந்தாள். ஓடிப்போய் அவள் பையைப் பிடித்தேன்.

"உக்காரும்மா. பொய் சொன்னது நான்தான்."