அடுத்த குளிருக்கு விறகு

"பாலைவனத்துக்கு வர்றவ ஸ்வெட்டர் எதுக்குக் கேக்குறே? நாலு காட்டன் புடவை போதும்!" என்று போனில் சொன்னவன் வைரவன்தான். சரோஜாவும் அதை நம்பி, நாலே நாலு காட்டன் புடவையோடு விமானம் ஏறிவிட்டாள்.

அவனைக் குற்றம் சொல்லிப் பயனில்லை. பத்து வருடமாக துபாய் சோனாப்பூர் தொழிலாளர் கேம்ப்பில் வெயிலில் வெந்தவன். ராஸ் அல் கைமா மலை உச்சியில் இருக்கும் விருந்தினர் விடுதிக்குக் காவல் வேலைக்கு வந்தது போன அக்டோபரில்தான். ஜனவரியில் அந்த மலையில் பல் கிட்டிப்போகும் என்று அவனுக்கு யார் சொன்னார்கள்?

கல்யாணமாகி ஆறு வருடம். மூன்று முறை லீவு. சேர்ந்திருந்த நாட்களைக் கூட்டினால் ஐந்து மாதம்கூடத் தேறாது. இப்போது சரோஜா வந்திருப்பதும் ஒரு மாத விசாவில்தான். ஆனால் முதலாளி, வேலையாட்கள் அர்பாப் என்று கூப்பிடும் பெரியவர், ஒரு வார்த்தை சொல்லியிருந்தார். "விடுதிச் சமையலுக்கு ஆள் வேணும். உன் மனைவி இருப்பாளா? விசா நான் போடுகிறேன். சனிக்கிழமை பதில் சொல்."

வைரவன் குதித்துக்கொண்டு வந்து சொன்னான். சரோஜா, "பாக்கலாங்க" என்றாள்.

அந்த 'பாக்கலாம்' அவன் தூக்கத்தைக் கெடுத்தது. குளிர்தான் காரணம் என்று முடிவு கட்டினான். அர்பாப் கழித்துப் போட்ட விறகு அடுப்பைக் கேட்டு வாங்கி அறையில் வைத்தான். கறுப்பு இரும்புப் பெட்டி, கண்ணாடிக் கதவு, புகை போகச் சுவர் வழியே குழாய், அடியில் காற்றைக் கூட்டவும் குறைக்கவும் ஒரு பிடி. ராஸ் அல் கைமா கடைத்தெருவில் தடித்த கம்பளிச் சால்வையும் வாங்கினான்.

அப்படியும் சரியாகவில்லை. தினமும் டியூட்டி முடிந்து வந்தால் அடுப்பில் நாலு கட்டை திகுதிகுவென்று எரியும். எதிரே சரோஜா சால்வையைக் கழுத்துவரை சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். அப்பா, இவ்வளவு தீ மூட்டியும் இவளுக்குக் குளிர் அடங்கவில்லையே என்று வைரவன் மனசு வாடிப்போகும்.

திங்கட்கிழமை விறகு கொண்டுவந்த அகமது கபீர், கீழக்கரைக்காரர், கையைத் தட்டிச் சிரித்தார். "என்ன வைரவா, செங்கச் சூளை போடுறியா? பதினஞ்சு நாள் விறகு அஞ்சு நாள்ல காலியாயிருச்சு?"

"சரோஜாவுக்குக் குளிர் தாங்கலை பாய்."

"பச்சைக் கட்டையும் கொஞ்சம் கிடைக்குது. ஆனா காய ஒரு வருஷம் ஆகும். உனக்கு எதுக்கு? தங்கச்சிதான் அடுத்த மாசம் போயிருமே! மீதிக் காஞ்ச கட்டையை வெள்ளிக்கிழமை கொண்டாறேன்."

அவர் சாதாரணமாகத்தான் சொன்னார். வைரவனுக்குச் சுருக்கென்றது. பின்னால் துணி உலர்த்திக்கொண்டிருந்த சரோஜா திரும்பிப் பார்க்கவில்லை.

வெள்ளிக்கிழமை விடிந்ததும் மழை பிடித்துக்கொண்டது. ஓடை பெருகியதால் மலைச்சாலையை மூடிவிட்டார்கள். கபீர் போன் செய்து, "இன்னிக்கு விறகு மாஃபி, கிடையாது, நாளைக்குத்தான்" என்றார். வீட்டில் இருந்தது ஐந்து கட்டை. அது ஒரு மணி நேரத்துக்குக் காணாது என்பது வைரவன் கணக்கு.

விடுதி நிறைய விருந்தாளிகள். அவனால் நகர முடியவில்லை. மத்தியானம் போன் செய்தான். "குளிருதா?"

"இல்லீங்க."

அவன் நம்பவில்லை. நாளைக்கு விடிந்தால் சனிக்கிழமை. விறைத்துப்போய் உட்கார்ந்திருப்பவள் இருக்கிறேன் என்றா சொல்லுவாள்?

ஐந்து மணிக்கு டியூட்டி விட்டதும், இரண்டு கம்பளிகளைப் பிளாஸ்டிக் பையில் சுருட்டிக்கொண்டு மழையில் ஓடிவந்தான். கதவைத் திறந்தவன் அப்படியே நின்றான்.

அறை இதமாக இருந்தது. காய்ச்சல் விட்ட பிள்ளையின் நெற்றி மாதிரி, தொட்டால் தெரியும் வெதுவெதுப்பு. அடுப்பில் ஒரே ஒரு கட்டை நிதானமாகக் கனன்றது. பக்கத்தில் மூன்று கட்டைகள் தொடாமல் கிடந்தன. சால்வை ஒரு மூலையில். சரோஜா சுவரில் சாய்ந்து, வாய் லேசாகத் திறந்து, அயர்ந்து தூங்கிக்கொண்டிருந்தாள்.

கதவுச் சத்தத்தில் விழித்தவள் பதறி எழுந்தாள். பிடியை முழுக்கத் திறந்து, மூன்று கட்டையையும் அள்ளினாள்.

வைரவன் அவள் கையைப் பிடித்தான். "என்ன பண்றே?"

"நீங்க வர்ற நேரமாச்சே!"

"நான் வந்தா?"

சரோஜா கையிலிருந்த கட்டைகளைக் கீழே வைத்தாள். பிறகு மெதுவாகச் சொன்னாள். "மொத நாளு தீ நல்லா எரிஞ்சதும், 'வீடுன்னா இப்படி இருக்கணும்'னு சொன்னீங்கள்ல. அதான் தினமும் நீங்க வர்ற நேரத்துக்கு நாலு கட்டையை உள்ள தள்ளிருவேன். பகல்ல எனக்கு ஒரு கட்டை போதும். பிடியைப் பாதி சாத்திட்டா அது பாட்டுக்கு வேகும்."

"அப்ப அந்தச் சால்வை?"

"ஆசையா வாங்கியாந்தீங்களே. உள்ள வேர்த்து ஊத்தும்." சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்தாள். "நானும் விருந்தாளி, நீங்களும் விருந்தாளின்னு ஒருத்தருக்கொருத்தர் உபசாரம் பண்ணிக்கிட்டே எத்தனை நாளைக்குங்க? அந்த மலைப்புலதான் பாக்கலாம்னேன்."

வைரவன் தொண்டையைச் செருமினான். "நானும் ஒண்ணு சொல்லவா? கோவிச்சுக்கக் கூடாது. இடியாப்பம்."

"இடியாப்பத்துக்கு என்ன?"

"மொத லீவுல ஒருநாள் நல்லாருக்குன்னு சொன்னேன். அன்னையிலேருந்து எல்லா லீவுலயும், இங்கயும், தினமும்..."

சரோஜாவின் கண்கள் விரிந்தன. "வாயில என்ன கொழுக்கட்டையா வெச்சிருந்தீங்க? பிழிஞ்சு பிழிஞ்சு என் கை இத்துப்போச்சு! சொல்லாம கொள்ளாம முழுங்கிட்டு நிக்கிறாரு மனுசன். அந்த ஈரச் சட்டையைக் கழட்டுங்க மொதல்ல, சளி பிடிச்சா யாரு பாக்கிறது?"

ஆறு வருடத்தில் அவள் அவனைத் திட்டியது அதுதான் முதல் தடவை. வைரவன் பித்தானைக் கழற்றாமல் சிரித்துக்கொண்டே நின்றான்.

போன் அடித்தது. கபீர். "காலையில ரோடு திறக்குறாங்களாம். எவ்வளவு கட்டை வேணும்?"

சரோஜா போனை வாங்கிக்கொண்டாள். "அண்ணே, காஞ்ச கட்டை பாதி போதும். பச்சைக் கட்டைன்னு சொன்னீங்கள்ல, அது ஒரு வண்டி கொண்டாங்க."

"பச்சையா? அது அடுத்த குளிருக்குத்தானே தங்கச்சி ஆகும்?"

"தெரியும்ணே. சுவரோரமா அடுக்கி வெச்சுக்கிறோம்."

போனை வைத்துவிட்டு, கட்டைகளில் ஒன்றை மட்டும் எடுத்து உள்ளே வைத்தாள். பிடியைப் பாதி சாத்தினாள். திரும்பிப் பார்த்தாள்.

"இன்னும் சட்டையைக் கழட்டலையா நீங்க?"