துடைக்காத நீலம்

யோகராஜாவுக்குக் கறை என்றாலே ஆகாது. சுவிஸின் வில் நகரத்தில் ஆட்கள் காலிசெய்துபோகும் வீடுகளைத் துப்புரவாக்குவதுதான் இருபத்திரண்டு வருடமாக அவர் வேலை. சாவி ஒப்படைக்கும் நாளில் வீட்டு நிர்வாகத்தின் ஆள் கெல்லர் வருவார். சுட்டுவிரலை நாக்கில் நனைத்து, அடுப்பு விளிம்பிலும் யன்னல் சட்டத்திலும் தேய்த்துப் பார்ப்பார். விரல் கறுத்தால் "கறை" என்பார். யோகராஜா துடைப்பார். இருவருக்கும் இடையில் வேறு கதையே நடந்ததில்லை.

அப்படிப்பட்ட மனிதரைத்தான் ஐம்பத்தைந்தாவது பிறந்தநாளுக்கு மகள் யதுஷா நீர்வண்ண வகுப்பில் சேர்த்துவிட்டாள். கிழமையில் ஒரு பின்னேரமாவது மனுசன் இருந்த இடத்தில் இருக்கட்டுமாம்.

வகுப்பில் மோனிக்கா ரீச்சர் சொன்னது சுலபம். தாளை நனை. நிறத்தை ஊற்று, அது போகிற வழிக்குப் போகட்டும். ஈரத்தில் உப்பைத் தூவு, உப்பு நிறத்தை உறிஞ்சிப் பூப்பூவாகக் காட்டும். பிறகு கையை எடு. இந்தக் கடைசிப் பாடம்தான் யோகராஜாவுக்கு ஏறவில்லை. நிறம் ஓடத் தொடங்கியதும் காற்சட்டைப் பையிலிருந்த துடைக்கும் துணி தானாக அவர் கைக்கு வந்துவிடும். ஐந்து கிழமை, ஐந்து தாள். ஐந்தும் கழுவிய கோப்பை மாதிரி.

"சனிக்கிழமை கண்காட்சி. படம் இல்லாதவருக்குச் சுவரில் இடமில்லை," என்றார் ரீச்சர்.

யோகராஜா அந்தச் சுவரைப் பார்த்தார். அந்த ஊரில் எத்தனையோ சுவர்களைத் துடைத்திருக்கிறார், ஒன்றிலும் அவர் பெயர் இருந்ததில்லை. இங்கே படத்துக்குக் கீழே பெயரை அச்சடித்து ஒட்டுவார்களாம்.

வெள்ளிக்கிழமை பின்னேரம் குசினி மேசையில் தாளை விரித்தார். மனைவி ஜெயமலர் கையை நீட்டினாள்.

"துணியைத் தாங்கோ."

"எந்தத் துணி?"

"உங்கட பொக்கற்றுக்கை கிடக்கிறது. இவர் படம் கீறுறார் எண்டு கோயில் சனத்துக்கெல்லாம் சொல்லிப்போட்டன். வெறுந்தாளைத் தொங்கவிட்டா நான் அங்கை தலை காட்டேலாது."

வாங்கிய துணியைக் கதிரையில் போட்டு அதன் மேலேயே அவள் ஏறி இருந்துவிட்டாள். அவர் நீலத்தை ஊற்றினார். பக்கத்தில் மண்ணிறம். உப்பை அள்ளித் தூவினார்.

"கறிக்குக்கூட நான் இவ்வளவு போடுறேல்லை."

"அந்த மூலையை மட்டும் ஒருக்கா..."

"கையைக் கட்டுங்கோ."

"வழியுதப்பா."

"வழியட்டும். நீங்கள் பல்கனிக்குப் போங்கோ."

முக்கால் மணித்தியாலம் வெளியே நின்று, சட்டைக் கையால் பல்கனிக் கம்பி முழுவதையும் துடைத்து முடித்தார். உள்ளே வந்தபோது படம் காய்ந்திருந்தது. அலுமாரிக்குப் பின்னால் பூஞ்சணம் பிடித்த சுவர் போல. ஆனால், அவர் கண்ட கறைகளிலேயே வடிவான கறை.

சனிக்கிழமை கோயில் சனம் வந்தது.

"இது என்ன அண்ணை, கடலோ?" என்றாள் தில்லைநாயகி.

"பாக்கிற ஆளுக்கு என்ன படுதோ, அதுதான்."

"எனக்கு அடிப்பிடிச்ச சட்டி எண்டு படுது."

அந்த நேரம் பார்த்து வீட்டு நிர்வாகத்தின் கெல்லரும் கண்காட்சி பார்க்க வந்துவிட்டார். படத்துக்கு முன்னால் நின்றார். குனிந்தார். சுட்டுவிரலை நாக்கில் நனைத்தார்.

யோகராஜாவின் கை பொக்கற்றுக்குப் போய் துணியில்லாமல் திரும்பியது. ஈரவிரல் பட்டால் நீலம் கரைந்துவிடும். எட்டிக் கெல்லரின் மணிக்கட்டைப் பிடித்தார்.

"கறை," என்றார் கெல்லர், பழக்கதோசத்தில்.

"கறைதான்," என்றார் யோகராஜா, தெரிந்த ஜேர்மனில். "ஆனால் அது அங்கேயே இருக்கவேண்டும். கீழே பெயரைப் பாருங்கள்."

கெல்லர் இன்னும் குனிந்து அந்த நீளப் பெயரை எழுத்தெழுத்தாக வாசித்தார். வாசித்து முடியும்வரை நனைந்த விரல் அந்தரத்திலேயே நின்றது.

ஜெயமலர் கைப்பையைத் திறந்து அந்தத் துணியைக் கெல்லரிடம் நீட்டினாள்.

"இந்தாங்கோ, விரலைத் துடையுங்கோ."